மானிப்பாயில் ஒரு ஹொலண்ட் பொம்பிளை

பாலேஸ்வரியின் கணினிக்கு முன்னால் எப்போதும் இரண்டு இருக்கைகள் கிடக்கும். ஒன்று அவளுடைய சுழல் கதிரை. மற்றது பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் ஸ்ரூல். ஸ்ரூல், வேலை கொண்டு வருகிறவர்களுக்கு. மானிப்பாயில் கலியாணக் காட் என்றாலும் சரி, சாமத்தியவீட்டு அழைப்பிதழ் என்றாலும் சரி, கோவில் திருவிழா நோட்டீஸ் என்றாலும் சரி, எழுத்துக் கோக்க அவளிடம்தான் வருவார்கள். வந்தால் தாளைத் தந்துவிட்டுப் போகமாட்டார்கள். ஸ்ரூலில் குந்திக்கொண்டு, திரையைப் பார்த்தபடி, மாமாவின் பெயருக்கு முன்னால் சமாதான நீதவான் போடு, அந்தப் பிள்ளையாரைக் கொஞ்சம் பெருப்பி, இந்தப் பக்கத்துப் பூவை அந்தப் பக்கமும் வை என்று வேலை முடியும்வரை கூடவே இருப்பார்கள். தையல்காரியிடம் போனாலும் ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற சனம், கணினியை மட்டும் நம்பி விட்டுவிட்டுப் போகுமா?

ஆகவே அவளுடைய கணினித் திரை ஊர்ச் சந்தி மாதிரி. வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் அதிலே ஒரு பார்வை உண்டு. அப்பேர்ப்பட்ட திரையில் ஒரு இரகசியத்தை வைத்திருக்க நினைத்தாள் பாருங்கள், அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. நாற்பத்தாறு வயதில் அவளுக்குக் கலியாணம் செய்ய ஆசை வந்துவிட்டது. அவ்வளவுதான்.

இளம் வயதில் அவளுடைய சாதகக் குறிப்பைத் தரகர் பரமலிங்கம் காவிக்கொண்டு வலிகாமம் முழுக்கச் சைக்கிளில் திரிந்தவர். உத்தரட்டாதி நட்சத்திரம், எட்டிலே செவ்வாய். பொருந்தி வந்த ஒன்றிரண்டு மாப்பிள்ளைமாரும் பேச்சு நடக்கும்போதே கொழும்புக்குப் போய், அங்கிருந்து விமானம் ஏறிவிட்டார்கள். பிறகு சண்டை மூண்டு கொழும்புப் பாதையைப் பூட்டினார்கள். தகப்பன் காலமானார். தாய் பாரிசவாதத்தில் விழுந்து கட்டிலோடு ஆகிவிட்டா. அந்த நாட்களில் ஒருமுறை, "எனக்கு வேண்டாம், தம்பிக்குப் பாருங்கோ" என்று பாலேஸ்வரி சொன்னாள். களைப்பில் சொன்ன பேச்சு. ஊர் அதை முத்திரை குத்தின தீர்ப்பு மாதிரி எடுத்துக்கொண்டது. பிறகு ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. தம்பி பிரவீணனுக்கு வினோஜா வந்தாள். தாயும் போய்ச் சேர்ந்தா. தம்பி மினிபஸ் ஓட்டினான், வினோஜா முன்பள்ளியில் படிப்பித்தாள், பாலேஸ்வரி முன்னறையில் எழுத்துக் கோத்தாள். வீட்டில் சண்டை சச்சரவு என்று ஒன்று கிடையாது.

அவளும் மூலையில் குந்தி மூக்கைச் சிந்துகிற ஆள் இல்லை. நல்ல பகிடிக்காரி. இரண்டு சம்பந்திமாரும் ஒரு காட்டில் யாருடைய பெயர் முதலில் வருவது என்று ஸ்ரூலைப் பிடிக்க அடிபட்ட கதையை அவள் நடித்துக் காட்டினால் கல்லும் சிரிக்கும். குறை என்னவென்றால், நடித்துக் காட்ட ஆள் இல்லை. தம்பி வேலையால் வந்ததும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவான். வினோஜாவுக்குப் பிள்ளைகளுக்குப் படம் வெட்டி ஒட்டுகிற வேலை. ஒருநாள் ஐம்பது வயதைக் கடந்த ஒரு மாப்பிள்ளையின் காட் வந்தது. அவர் ஸ்ரூலில் இருந்து, பொம்பிளையின் பெயரைக் கொஞ்சம் வடிவான எழுத்தில் போடச் சொல்லி, சொல்லும்போதே வெட்கப்பட்டார். அவர் போன பிறகு பாலேஸ்வரி கனநேரம் வேலை செய்யாமல் இருந்தாள். எனக்கும் ஒரு ஆள் இருந்தால் நல்லாயிருக்கும் என்று வாய்விட்டே சொன்னாள். வீட்டில் அப்போது ஒருவரும் இல்லை.

அன்றிலிருந்து மத்தியான வேளைகளில், கடைத்தெரு அடங்கி வாடிக்கை குறைகிற நேரம், இணையத்தில் ஒரு கலியாணத் தளத்தைத் திறந்து பார்க்கத் தொடங்கினாள். பதியவில்லை. சும்மா பார்த்தாள். வாடிக்கையாளரின் காலடி கேட்டதும் பொத்தென்று மூடிவிட்டுப் பிள்ளையார் படத்தைக் கொண்டுவந்து வைப்பாள்.

ஆனால் இணையத்துக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒருதரம் ஒரு சாமானை எட்டிப் பார்த்தால், பிறகு போகிற இடமெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் வரும். வெளிநாட்டிலிருந்து அவளுக்கு வருகிற எழுத்தெல்லாம் யூனிகோட். அச்சகத்துக்குப் பாமினி என்ற பழைய எழுத்துரு வேண்டும். ஒன்றை மற்றதாக மாற்றித் தருகிற இணையப் பக்கம் ஒன்றை அவள் நாள்தோறும் பாவிப்பாள். இலவசம், ஆனபடியால் நாலு பக்கமும் விளம்பரம். ஒருநாள் குணலட்சுமி ரீச்சர் ஸ்ரூலில் இருக்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

குணலட்சுமி ரீச்சர் ஓய்வுபெற்றுக் கனகாலம். பழைய மாணவிகள் சங்க மலரை வெளியிடுவது அவருடைய பொறுப்பு. அந்த மலர் பிழை திருத்தி முடிகிற மலர் அல்ல. ரீச்சர் அடிக்கடி வருவார், ஒரு கமாவைப் போடுவார், மற்றத் தடவை வந்து அதை எடுப்பார். அப்படியே ஊர்ப் புதினம் எல்லாம் கேட்டுக்கொண்டும் போவார். அவருக்குத் தெரிந்தால் மானிப்பாய் முழுக்கத் தெரிந்தமாதிரி.

திரையில் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக ஒரு மாப்பிள்ளை வந்து நின்றார். ‘நாற்பது கடந்துவிட்டதா? கவலை வேண்டாம். உங்களுக்கான துணை காத்திருக்கிறார்.’

ரீச்சர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, உது உனக்கோ சொல்லுறான் என்று கேட்டார். உது எல்லாருக்கும் வாறதுதானே ரீச்சர் என்று பாலேஸ்வரி சமாளித்தாள். ரீச்சர் அதை ஏற்கவில்லை. தன்னுடைய ஃபோனில் மூட்டு நோ எண்ணெய் மட்டும்தான் வருகிறது, மாப்பிள்ளை ஒருவரும் வருவதில்லை என்றார். பாலேஸ்வரிக்குக் காது சுட்டது. இந்த வயதில் இவளுக்கு இது தேவையா என்று ஊர் சிரிக்கப்போகிறது என்ற பயம் அன்று முழுக்க அவளை விடவில்லை. ஊர் வெறுத்தால் தாங்கலாம், சிரித்தால் அவளால் தாங்கமுடியாது.

அப்போதுதான் அவளுக்கு விபிஎன் ஞாபகம் வந்தது. பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்ற அந்த வருடம், முகநூலையும் வட்ஸ்அப்பையும் ஒருநாள் மறித்தார்களே, அன்று ஊரில் விபிஎன் தெரியாத ஆள் இல்லை. மீன் விற்கிற மனிசிகூட, விபிஎன் போட்டால் வேலை செய்யும் என்று கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தா. பாலேஸ்வரிக்கு அதிலே விளங்கியது ஒன்றுதான்: அதைப் போட்டால் நாங்கள் ஆரென்று தெரியாது. இனி என்ன வேண்டும்?

இலவசமான ஒன்றைத் தேடி இறக்கிக் கணினியில் போட்டாள். ஒரு பெரிய பொத்தான். அமத்தினால் பச்சையாகும். பச்சையானதும், நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வசனம் வரும். பக்கத்தில் சின்னதாக ஏதோ ஒரு நாட்டுக் கொடி. கொடியை ஆர் பார்த்தது? பாதுகாப்பாக இருக்கிறேன் என்பதை மட்டும் இரண்டுமூன்று தரம் வாசித்து மனம் குளிர்ந்தாள்.

உண்மையில் அது செய்கிற வேலை வேறு. எங்கள் வீட்டு இணையத்தை நேரே விடாமல் முதலில் வேறொரு நாட்டுக் கணினிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வெளியே விடும். போகிற இடத்தில் இருப்பவர்கள் நாங்கள் அந்த நாட்டில் இருக்கிறோம் என்று நினைப்பார்கள். திரையில் தெரிவதையோ பக்கத்தில் ஸ்ரூலில் இருக்கிற ஆளையோ அதற்கு ஒன்றும் செய்யத் தெரியாது. கணினியில் பதிந்து கிடக்கிற பழைய தேடல் அடையாளங்களை அழித்துவிட்டாலே முக்கால்வாசி விளம்பரம் நின்றிருக்கும். அதை அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேட்பார்களே.

ஆனாலும் தலைப்பாகை மாப்பிள்ளை உடனே மறைந்துவிட்டார். அவருடைய இடத்துக்குச் சைக்கிள், பாற்கட்டி, மழைக்கோட்டு என்று விளங்காத பாசையில் விளம்பரங்கள் வந்தன. ரீச்சர் இது என்ன பாசை என்று கேட்டார். ஜேர்மனாக்கும் என்றாள் பாலேஸ்வரி. மழைக்கோட்டு நல்ல துணிபோலக் கிடக்கு என்று ரீச்சர் மலருக்குத் திரும்பினார். பாலேஸ்வரி மனசுக்குள் விபிஎன் செய்தவனுக்கு ஒரு அர்ச்சனை செய்தாள்.

துணிவு வந்துவிட்டது. அடுத்த மத்தியானமே தளத்தில் பதிந்தாள். பெயரை மறைத்தாள், படத்தைப் பூட்டினாள். மானிப்பாய், சைவம், மரக்கறி, உத்தரட்டாதி, எட்டிலே செவ்வாய் எல்லாம் உள்ளபடி போட்டாள். எதிர்பார்ப்பு என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, ‘வசதி தேவையில்லை. நான் சொல்கிற கதையைக் கேட்டுச் சிரிக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும்’ என்று எழுதினாள். வசிக்கும் நாடு என்ற இடத்தைத் தளம் தானாகவே நிரப்பி வைத்திருந்தது. நெதர்லாந்து. அவள் அதைப் பார்க்கவில்லை. ஊரார் காட்டில் ஒரு புள்ளி விடுபட்டாலும் கண்டுபிடிக்கிறவள், தன்னுடையதைத் திருப்பி வாசிக்காமல் அனுப்பிவிட்டாள். வாசலில் காலடி கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் ஆர்தான் வாசிப்பார்கள்?

அடுத்த நாள் திறந்து பார்த்தாள். விருப்பம் தெரிவித்து வந்தவை பக்கம் பக்கமாகக் கிடந்தன. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு. எஞ்சினியர், மனேச்சர், கடை முதலாளி. முப்பது வயதுக்காரனும் இருந்தான், அறுபதை நெருங்கினவரும் இருந்தார். வயது தனக்கொரு பிரச்சினையே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். எட்டிலே செவ்வாயை நான் நம்புவதில்லை என்று இன்னொருவர். இளமையில் கோவில் கோவிலாகப் போயும் நகராத செவ்வாய் இப்படி ஒரே இரவில் நகர்ந்துவிட்டதே என்று அவளுக்கு ஆச்சரியம். சந்தோசம் என்றால் அப்படிச் சந்தோசம். குளித்துவிட்டு வந்து கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். பரவாயில்லை என்றுதான் பட்டது. அன்று கறிக்கு உப்புப் போட மறந்துவிட்டுப் பாட்டு முணுமுணுத்தாள். மச்சாளுக்கு என்ன நடந்தது என்று வினோஜா ஒருமாதிரிப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அவளுக்குப் பிடித்தவர் அவளைக் கேட்கவே இல்லை. சைக்கிளில் போகிற தூரத்து அளவெட்டி ஊர்க்காரர், பிரகலாதன் என்று பெயர், ஐம்பது வயது. மனைவி இறந்து கனகாலம், பிள்ளைகள் இல்லை. தன்னைப் பற்றி அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘தோட்டம் செய்கிறேன். சமைப்பேன். ஒரு மாடு, இரண்டு நாய். பொழுதுபட்டால் வீட்டில் சத்தம் இல்லை. கதைக்கிற ஆள் ஒருவர் வேண்டும்.’ படத்தில் வாழைகளுக்கு நடுவே வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். பாலேஸ்வரி அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். கதைக்கிற ஆளைத் தேடுகிறவர் கேட்கிற ஆளாகத்தானே இருப்பார். இரண்டு நாள் யோசித்து, பிள்ளையாரை நினைத்துக்கொண்டு, அவருக்கு விருப்பம் என்று அனுப்பினாள். அதற்குப் பிறகு அவளுக்கு வேலையில் மனம் ஓடவில்லை.

பதில் வந்தது. ‘இவர் விரும்பவில்லை’ என்று தளத்தின் ஒற்றை வரி.

ஊரெல்லாம் கேட்கிறது, தோட்டக்காரர் ஒருவர் வேண்டாம் என்கிறார். ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. மறந்துவிடலாம் என்று பார்த்தாள், முடியவில்லை.

அந்தக் கிழமையில்தான் பரமலிங்கம் தன்னுடைய பழைய சாலி மோட்டார்சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். அறுபத்தைந்தைத் தாண்டியும் தரகுத் தொழிலை விடவில்லை. இப்போது குறிப்புகளோடு ஃபோனையும் காவுகிறார். தளங்களில் எல்லாம் ஆட்களின் பெயரில் பதிந்து வைத்துத் தேடுகிறார். வந்து ஸ்ரூலில் குந்தினவர் அன்று நல்ல உசாராக இருந்தார்.

"பிள்ளை, ஒரு சாமான் வட்ஸ்அப்பிலை அனுப்பியிருக்கிறன். உதை ஒருக்கால் பெருப்பிச்சு வடிவா ஒரு பிறின்ற் எடுத்துத் தா. சங்குவேலிப் பெடியன் ஒருத்தனுக்கு. முப்பத்துமூண்டு வயசு, நல்ல பெடியன். பொம்பிளை ஹொலண்டிலை. நெதர்லாந்து எண்டு போட்டுக் கிடக்கு, அதுதான் ஹொலண்ட்."

பாலேஸ்வரி திறந்தாள். மானிப்பாய், சைவம், மரக்கறி, உத்தரட்டாதி. நான் சொல்கிற கதையைக் கேட்டுச் சிரிக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும். மேலே, வசிக்கும் நாடு: நெதர்லாந்து.

அவளுடைய கை சுட்டியிலேயே நின்றுவிட்டது. பரமலிங்கம் பக்கத்தில் இருந்து அந்த வரிகளை உரத்து வாசித்தார். என்ன வடிவான தமிழ், அத்தனை காலம் குளிர்நாட்டில் இருந்தும் பிள்ளை தமிழை மறக்கவில்லை என்று உருகினார்.

பெடியனைவிடப் பதின்மூன்று வயது கூட அல்லவா என்று பாலேஸ்வரி கேட்டாள். ஹொலண்ட் என்றால் அதெல்லாம் ஒரு வயதா என்றார் அவர். செவ்வாய்? விமானத்தில் ஏறினால் செவ்வாய் இறங்கிவிடும் என்று சிரித்தார். அப்போது அவள் கேட்டாள்:

"உதே பொம்பிளை இஞ்சை மானிப்பாயிலையே இருந்தா, அண்ணை?"

"இஞ்சையோ? இஞ்சை இருந்தா உந்த வயசிலை ஆரம்மா கேக்கப்போறான். உனக்குத் தெரியாததே."

சொன்னவருக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அவள் ஊற்றிக் கொடுத்திருந்த பிளேன்ரீயைக் குடித்து முடித்தார். பாலேஸ்வரி தன்னைத்தானே பிறின்ற் எடுத்து, ஒரு கவரில் போட்டு அவர் கையில் கொடுத்தாள். வேறு என்ன செய்கிறது?

அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதாள். அத்தனை கேள்வியும் விமானத்துக்கு வந்த கேள்வி. கண்ணாடிக்கு முன்னால் நின்றதை நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. மூலையில் பச்சைப் பொத்தானும் சிவப்பு, வெள்ளை, நீலக் கொடியும் பாதுகாப்பாக இருக்கிறாய் என்று சொல்லிக்கொண்டிருந்தன. எழும்பி முகத்தைக் கழுவப் போனவளுக்குக் கிணற்றடியில் வைத்துத்தான் மற்ற விசயம் பளிச்சென்று விளங்கியது. அத்தனை பேரும் ஹொலண்டுக்காகக் கேட்டார்கள். அப்படியென்றால் ஒருவர் மட்டும் ஹொலண்டுக்காகத்தான் வேண்டாம் என்றிருக்கிறார். முகத்தில் தண்ணீரோடு நின்று சிரித்தாள். பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற அளவுக்குச் சிரித்தாள்.

ஓடி வந்து விபிஎன்னை நிறுத்தி, அதைக் கணினியிலிருந்தே கழற்றி எறிந்தாள். வசிக்கும் நாட்டை இலங்கை என்று மாற்றினாள். அன்று பின்னேரமே கூட்டம் கலையத் தொடங்கியது. செவ்வாயை நம்பாதவர் முதலில் விலகினார். வயது பிரச்சினை இல்லை என்றவருக்கு வயது பிரச்சினையாகிவிட்டது. அவள் அதைப் பார்த்து வருந்தவில்லை. அளவெட்டிக்கு மட்டும் திரும்ப அனுப்பப் பார்த்தாள். ஒருமுறை விரும்பவில்லை என்றவருக்கு மறுமுறை அனுப்பத் தளம் விடவில்லை. அமத்துகிற இடமெல்லாம் பூட்டிக் கிடந்தது.

இதற்கிடையில் பரமலிங்கம் தன்னுடைய தொழிலைத் தொடங்கியிருந்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு சம்பந்தம் என்றால் முதல் வேலை விசாரிக்கிறது. பொம்பிளை ஆருடைய மகள், தாய்வழி எந்தப் பகுதி, தகப்பன் ஆருக்கு என்ன முறை என்று நாலு பேரைக் கேட்டு அறியாமல் ஒரு படியும் எடுத்துவைக்கமாட்டார்கள். ஹொலண்டில் இருக்கிற மானிப்பாய்க்காரர் எல்லாருக்கும் அழைப்பு எடுத்தார். அப்படி ஒரு பொம்பிளை அங்கே இல்லை என்று சாதித்தார்கள். அவர் விடவில்லை. உத்தரட்டாதி, எட்டிலே செவ்வாய், மானிப்பாய், இந்த வயது என்று மனசுக்குள் பழைய குறிப்புகளைப் புரட்டிக்கொண்டே மோட்டார்சைக்கிள் ஓடினார். எந்த விபிஎன்னும் உலகத்தை ஏய்க்கலாம். மானிப்பாயில் விசாரிக்கிறவனை ஏய்க்கிற விபிஎன்னை இன்னும் ஒருவரும் செய்யவில்லை.

அடுத்த தடவை அவர் வந்தபோது ஸ்ரூலில் இருக்கவில்லை. கவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நல்லவேளை, வேறு ஒருவரும் இல்லை. இந்தக் குறிப்பைத் தான்தான் ஒருகாலத்தில் காவித் திரிந்ததாக மெல்லச் சொன்னார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"ஓம் அண்ணை, அது நான்தான்," என்றாள் பாலேஸ்வரி. "ஹொலண்டை மட்டும் வெட்டிவிடுங்கோ. மிச்சம் எல்லாம் சரி."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. அண்டைக்கு நான் ஒரு கதை கதைச்சனான் என்று தொடங்கினார். பரவாயில்லை, உள்ளதைத்தானே சொன்னீர்கள் என்று அவள் அதை அவ்விடத்திலேயே விட்டாள். நடந்ததை எல்லாம், விபிஎன்னிலிருந்து கிணற்றடி வரைக்கும், ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே பகிடியாக இருந்தது. பரமலிங்கம் ஸ்ரூலில் இருந்து, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். கடைசியில் அவள் அளவெட்டியைச் சொன்னாள்.

அவருக்கு ஆளைத் தெரியும். தரகர்மாரைக் கண்டால் வாழைத் தோட்டத்துக்குள் ஒளிக்கிற ஆள், வெளிநாட்டுப் பேச்சு எடுத்த இரண்டு பேரை நாயை விட்டுத் துரத்தினதாகவும் கேள்வி. எதற்கும் போய்ப் பார்க்கிறேன் என்றார். ஒரு ஈ காக்கைக்கும் தெரியாமல் முடிப்பதாகச் சத்தியம் செய்தார். பரமலிங்கத்தின் வாயைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் நம்பமாட்டார்கள். ஆனால் மனிசன் சொன்னபடி செய்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு புதினத்தை விழுங்கிக்கொண்டு இருந்தார். அன்று தான் சொன்ன கதை அவரை அவ்வளவு சுட்டிருந்தது.

ஏற்பாடும் அவருடையதுதான். பிரகலாதன் கோவில் கச்சேரிக்கு நோட்டீஸ் அடிக்க வருகிறவர் மாதிரி வருவார். ஸ்ரூலில் இருப்பார். இருவரும் கதைக்கலாம். பிடித்தால் மேலே பேசலாம், பிடிக்காவிட்டால் ஒரு வாடிக்கையாளர் வந்து போனார், அவ்வளவுதான். ஊருக்கு ஒன்றும் தெரியாது.

வந்தார். வெளுத்த சேட்டும் வேட்டியும், கையில் ஒரு பெரிய கதலிச் சீப்பு. நோட்டீஸ் அடிக்க வருகிறவர் வாழைப்பழத்தோடு வருவாரா என்று பரமலிங்கம் யோசித்துச் சொல்லியிருக்கலாம். போதாக்குறைக்கு அன்று குணலட்சுமி ரீச்சர் ஒரு கமாவோடு வந்து ஸ்ரூலில் இருந்தார். வந்தவருக்கு ஸ்ரூலை விட்டுக்கொடுத்துச் சுவரோரக் கதிரைக்குப் போனாரே தவிர, வீட்டுக்குப் போகவில்லை. சங்க மலரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அதற்கு மேலால் பார்த்தார்.

பாலேஸ்வரி புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து ‘நாதஸ்வரக் கச்சேரி’ என்று அடித்தாள். எப்ப கச்சேரி என்று கேட்டாள். இன்னும் முடிவாகவில்லை என்றார். ஆர் வாசிக்கினம்? அதுவும் முடிவாகவில்லை. எந்தக் கோவில்? பிரகலாதன் வெயிலுக்குச் சுருக்குகிறமாதிரிக் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத மனிசன் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் அந்த ஒற்றை வரியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

"ஹொலண்ட் எண்டு கிடந்தது," என்றார் அவர், ரீச்சருக்குக் கேட்காத குரலில். "எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்ப வாசிச்சனான். மனமில்லாமல்தான் வேண்டாம் எண்டு அமத்தினனான்."

"தெரியும்."

"பரமலிங்கத்தார் முழுக் கதையும் சொன்னவர். உங்கடை வாயாலை ஒருக்கால் கேக்கவேணும்."

பாலேஸ்வரி சொன்னாள். மழைக்கோட்டு வந்த இடத்தில் அவர் சிரிக்கத் தொடங்கினார். தன்னைத்தானே பிறின்ற் எடுத்துக் கவரில் போட்ட இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்த இடத்தில் சிரிக்காமல் விட்டாரே, அது அவளுக்குப் போதுமாக இருந்தது. இனி இவரை விட்டால் தனக்கு வேறு ஆள் இல்லை என்று தெளிவாக நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்து வினோஜா முன்பள்ளியால் வந்து சேர்ந்தாள். மேசையில் வாழைப்பழம், ஸ்ரூலில் புது ஆள், மச்சாளின் முகத்தில் ஒரு வெளிச்சம். வாசலிலேயே நின்றுவிட்டாள். இதற்குமேல் ரீச்சராலும் தாங்கமுடியவில்லை. மலரை மடியில் வைத்துவிட்டு, அவ்வளவு நேரமாக அடிக்கிற அந்த நோட்டீஸ் என்ன நோட்டீஸ் பிள்ளை என்று கேட்டார்.

பதில் தயாராக இருந்தது. பரமலிங்கம் கட்டிக்கொடுத்த பதில். அளவெட்டிக் கோவில் கச்சேரி ரீச்சர் என்று சொன்னால் முடிந்தது. பாலேஸ்வரி வாயைத் திறந்தாள். பக்கத்தில் இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். வெயிலும் காற்றும் பட்ட பெரிய கைகள் இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி இருந்தார். அதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. இவர் என்ன குற்றம் செய்தார்? நான்தான் என்ன செய்தேன்?

சுட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

"நோட்டீஸ் ஒண்டும் இல்லை ரீச்சர். இவர் என்னைப் பொம்பிளை பாக்க வந்தவர்."

இதோ சிரிக்கப்போகிறார்கள் என்று பாலேஸ்வரி காத்திருந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. வினோஜா பையைக் கீழே போட்டுவிட்டு வந்து மச்சாளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கேட்காமல் விட்டது எங்கடை பிழை மச்சாள் என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிரகலாதன் தலையை நிமிர்த்தி நேரே இருந்தார்.

குணலட்சுமி ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார். வந்தவரை மேலிருந்து கீழ்வரை ஆறுதலாகப் பார்த்தார். பிறகு, இந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"மாப்பிள்ளை எந்த நாடு?"

"அளவெட்டி," என்றாள் பாலேஸ்வரி.